பேர் எழுதாத பதினாறு குப்பிகள்

ஷெஃபீல்டு, இங்கிலாந்து
17 அக்டோபர் 1993

அன்புள்ள ராசாத்தாளுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உனக்குக் கிடைத்திருக்கும். பதில் வராததற்குத் தபால்காரர்மேல் பழி போட எனக்கு மனமில்லை.

போன வாரம் உங்கள் பவுண்டரிக்குப் போன் போட்டேன். உலைக்குக் காற்று ஊதுகிற சத்தத்தில் உன் பேச்சு பிடிபடவே இல்லை. மூன்று நிமிடமும் "கேக்குதுங்களா" என்பதிலேயே போய்விட்டது. எடுத்தது நீதான் என்பது மட்டும் தெரிந்தது. வைத்துவிட்டு மழையில் அறைக்கு நடந்து வந்தேன்.

ஆகஸ்டில் இந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய வேலைக் கடிதம் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீ பிரித்துப் படித்துவிட்டாய். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கலாமா என்று நான் கத்தினேன். விண்ணப்பம் போட்டதை நான்கு மாதம் உன்னிடம் மறைத்தவனுக்குக் கத்த என்ன உரிமை இருக்கிறது? அங்கே சொல்ல வாய் வரவில்லை. இங்கிருந்து எழுதுகிறேன்.

இங்கே என் வேலை, நிலக்கரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நீங்கள் உலையில் கொட்டி எரிப்பது ஒரே கறுப்பாகத் தெரிகிறது. உண்மையில் அது ஆயிரக்கணக்கான விதமான மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கிற சிக்கல். கரியைப் பொடித்து ஒரு திரவத்தில் கரைக்கிறோம். அதற்கு அழுகிய மீன் நாற்றம், சட்டையில் ஏறினால் போகாது. கரைசலில் ஒரு துளியை எஃகுத் தட்டில் காயவைத்து, காற்றை உறிஞ்சிவிட்ட குழாய்க்குள் வைத்து லேசர் ஒளியை அடித்தால் மூலக்கூறுகள் கிளம்பிப் பறக்கின்றன. இலேசானது முதலில் மறுமுனைக்கு வந்து சேரும், கனமானது பின்னால் வரும். வந்து சேரும் நேரத்திலிருந்து எடையைக் கணக்கிடுகிறோம்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. நாற்றம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நீயாக இருந்தால் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாய்.

ஒரு வரியாவது எழுது.

சென்னகிருஷ்ணன்


கணபதி, கோயமுத்தூர்
8-11-93

ஏனுங்க,

மூணு லெட்டரும் வந்துச்சுங்க. இந்தத் தடவ பிரிக்கறதுக்கு உரிமை இருக்குதுன்னு நெனச்சுப் பிரிச்சேன்.

நீங்க பொறப்பட்ட அன்னைக்கு உலை பத்த வெச்சிருந்ததுனாலதான் நான் ஸ்டேஷனுக்கு வரலைன்னு அம்மா உங்ககிட்டச் சொன்னாங்களாம். அது பொய்யிங்க. உலையெல்லாம் ஒண்ணும் இல்ல. மணல் ஷெட்டுல சும்மா உக்காந்திருந்தேன். மோல்டர் ஜபருல்லா அண்ணந்தான் வந்து, "அம்மணி, ரயில் போயிருக்கும், ஊட்டுக்குப் போங்க"ன்னாரு. அதுக்கப்பறந்தான் எந்திரிச்சேன்.

நீங்க சீமைக்குப் போனது எனக்குக் கோவமில்லீங்க. அப்பா போயி ஒரு வருசங்கூட ஆகல. இருவத்திரண்டு ஆளு, வாரத்துக்கு ரெண்டு உலை, கரி வந்துச்சா, மணல் வந்துச்சான்னு நான் ஓடிட்டுக் கெடந்தேன். நீங்க அதே மேசையில எனக்கு எதுக்க உக்காந்து, எனக்குத் தெரியாம இங்கிலீசுல லெட்டர் எழுதிட்டு இருந்திருக்கீங்க. நான் காப்பி கொண்டாந்து வெச்சப்பல்லாம் காகிதத்தத் திருப்பி வெச்சீங்களே, பரீச்ச பேப்பருன்னு நெனச்சேன்.

ஏன் மறைச்சீங்க? அத மட்டும் எழுதுங்க. கரிய பத்தி அப்பறம் எழுதலாம்.

தீவாளி நோம்பிக்கு ஒறம்பரையெல்லாம் வாராங்க. போன வாரமே ஒரு அத்தை வந்து, கண்ணாலமாயி மூணு வருசமாச்சே, ஏதாச்சும் விசேசம் உண்டான்னு கேட்டாங்க. ஆளே சீமையில இருக்கறப்ப விசேசம் தபால்லயா வரும்னு கேட்டுப்போட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. அப்பறம் அடுப்படிக்குப் போயி அழுதாங்க.

கம்பளிச் சட்ட வாங்கிட்டீங்களா?

ராசாத்தாள்


ஷெஃபீல்டு
23 ஜனவரி 1994

அன்புள்ள ராசாத்தாளுக்கு,

கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

உன் அப்பா என்னை ஒருநாளும் குறைவாக நடத்தியதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் தபால்காரர் என் கடிதங்களை "பவுண்டரி நாச்சிமுத்து மருமகன்" என்று சொல்லித்தான் கொடுப்பார். கல்லூரியில் ஒரு பாடத்தைப் பற்றிச் சண்டை போட்டால், "உங்களுக்கென்ன சார், மாமனார் பவுண்டரி இருக்குது" என்பார்கள். தாராபுரத்தில் என் சொந்த அண்ணன், "வீட்டோட மாப்பிள்ளை வந்துட்டாரு, எல போடுங்க" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நானும் சிரிப்பேன். அந்த வீட்டில் நான் கை நீட்டி எடுக்கிற டம்ளர்கூட நான் வாங்கியது இல்லை.

மாமா இறந்த பிறகு, வேலையை விட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்காரும்படி நீ கேட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை. நான் உன்னிடம் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம்தான் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். என் பெயருக்காக மட்டுமே வருகிற ஒரு கடிதம் வேண்டும் என்று இருந்தது. இதை உன்னிடம் சொன்னால் உன் வீட்டைப் பழிப்பதாக ஆகிவிடும் என்று பயந்தேன்.

இனி வேறு செய்தி. தண்ணீரின் ஒரு மூலக்கூறுக்கு எடை பதினெட்டு. சர்க்கரைக்கு முந்நூற்று நாற்பத்திரண்டு. கரிக் கரைசலில் சில நூறு வரைக்கும் பலரும் அளந்திருக்கிறார்கள். போன வாரம் என் கருவி வரைகிற கோடு ஒரு லட்சத்துக்கும் மேலே ஒரு முகடாக எழும்பியது. அவ்வளவு பெரிய மூலக்கூறு கரிக்குள் இருந்தால் இதுவரை எழுதிய பாடப் புத்தகங்களைத் திருத்த வேண்டும். பேராசிரியர் ஹார்விக் அந்த வரைபடக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நெடுநேரம் நின்றார். கட்டுரை அச்சேறினால் எனக்கு இன்னும் இரண்டு வருடம் தருவதாகச் சொல்கிறார். குடும்பத்தோடு தங்க வீடும் உண்டு.

நீ வருவாயா?

சென்னகிருஷ்ணன்


கணபதி
16-2-94

மாமா,

எப்பவும் ஏனுங்கன்னுதான் எழுதுவேன். இன்னைக்கு மாமான்னு கூப்படத் தோணுச்சு.

அந்தக் கேலி நாயமெல்லாம் எங்காதுலயும் உளுந்துருக்குதுங்க. ஒருக்கா கண்ணாலத்துல உங்கண்ணன் எல போடச் சொன்னப்ப நான் பந்தியில உங்களுக்குப் பின்னாலயேதான் நின்னுட்டு இருந்தேன். நீங்க சிரிச்சீங்க. ஆம்பளைங்க கேலி பேசிக்கறாங்கன்னு உட்டுட்டேன். உங்க மொகத்தத் திருப்பி ஒருக்கா பாத்திருக்கோணும். அது எந்தப்பு.

ஆனா மூணு வருசமா அத்தன வெசனத்தையும் உள்ளுக்குள்ளயே வெச்சுட்டு எங்கூடப் படுத்து எந்திரிச்சிருக்கீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல. நான் அத்தன அந்நியமாவா இருந்தேன்?

வாரியான்னு கேட்டீங்க. லெட்டரப் படிச்ச அன்னைக்கு ராத்திரி மனசுல அங்க வந்துட்டேன்னே வெச்சுக்குங்க. என்னென்ன துணி எடுத்துட்டு வாரதுன்னு மொதக்கொண்டு ரோசன பண்ணிப்போட்டேன். காத்தால பவுண்டரிக்குப் போனா, கரி லாரிக்காரன் வந்து நிக்கறான். கரியில பாதி சாம்பலு. எறக்கறதா திருப்பறதான்னு இருவத்திரண்டு பேரும் எம் மூஞ்சியவே பாக்கறாங்க. திருப்பி அனுப்பச் சொல்லிப்போட்டேன். அப்பத் தெரிஞ்சு போச்சு, என்னால வர முடியாது. அப்பாவுக்காக இல்லீங்க. எனக்கு அந்த வேல புடிச்சிருக்குது. உங்களுக்கு உங்க குழாயி புடிச்சிருக்குற மாதிரி.

வாங்கன்னும் கூப்பட மாட்டேன். வந்தப்பறம் நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, நாந்தான் கூப்புட்டேங்கற எண்ணம் உங்களுக்கு வரும்.

உங்க கட்டல்ல நான் படுக்கறதில்ல. கூடத்துலதான்.

ராசாத்தாள்


ஷெஃபீல்டு
10 ஏப்ரல் 1994

அன்புள்ள ராசாத்தா,

"நான் அத்தன அந்நியமாவா இருந்தேன்" என்ற வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. இல்லை. நீ அந்நியமாக இல்லை. என்னை நான் உன் எதிரில் குறைவாக நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன்.

அந்த ஒரு லட்சத்து முகட்டின்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லேசரின் பலத்தைக் கூட்டினால் அது வளர்கிறது. குறைத்தால் இறங்குகிறது. கரி அதே கரி. எடை மாறக் கூடாது. லேசர் அடிக்கிற சூட்டில் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரியது போலக் கருவியை ஏமாற்றுகின்றனவோ என்னவோ. அப்படியானால் கரிக்குள் பெரியது எதுவுமே இல்லை. கட்டுரை போய்விடும். இரண்டு வருடமும் போய்விடும். செப்டம்பர் கடைசியில் நான் ஊருக்கு வந்துவிடுவேன்.

என் பயம் அது இல்லை. அந்த முகடு பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். தினமும் அளக்கும்போது முகடு சின்னதாக வந்தால் மனது குளிர்கிறது. பெரிதாக வந்தால் தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். சின்னதாக வந்த நாளில் மறுபடி வைத்துப் பார்ப்பதே இல்லை. நேற்றுதான் இதைக் கவனித்தேன். நான் சந்தேகப்படுவது கரியினாலா, உன்னாலா என்று எனக்கே தெரியவில்லை. இந்த நிலையில் நான் "பொய்" என்று சொன்னாலும் அது பொய்யாக இருக்கலாம்.

பேராசிரியர் மே கடைசியில் கட்டுரையை அனுப்பச் சொல்கிறார்.

சென்னகிருஷ்ணன்


கணபதி
2-5-94

மாமா,

உங்க லெட்டர் வந்ததும் "அது பொய்யிதானுங்க, பொறப்பட்டு வாங்க"ன்னு ஒரு பக்கம் எழுதிப்போட்டேன். அப்பறம் கிழிச்சேன். எதனாலன்னா, போன மாசம் இங்க நான் செஞ்ச காரியம் ஒண்ணு.

ஒரு கம்பெனிக்குப் பம்பு பாடி அறுவது அனுப்பணும். லாரி வாசல்ல நிக்குது. உள்ள தண்ணி ஏத்தி, அமுக்கம் குடுத்து, வெளிய கசியுதான்னு பாத்துட்டு இருந்தோம். நானும் கூட நின்னு பாத்தேன். ஒரு பாடியில முத்து முத்தா வேர்த்துச்சு. நான் துணியெடுத்துத் தொடச்சு, "கை ஈரம், அடுத்ததப் பாருங்க"ன்னேன். இன்னொண்ணுலயும் அப்படி. மூணாவது தடவ தொடச்சப்ப ஜபருல்லா அண்ணன் என்னப் பாத்தாரு. நான் என்ன செஞ்சுட்டு இருக்கறேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

லாரியத் திருப்பித் தாட்டிவிட்டுட்டேன். எல்லாப் பாடியிலயும் சாக்பீசுல வெறும் நம்பர மட்டும் எழுதினேன். ஏற்கெனவே நல்லா இருக்குதுன்னு தெரிஞ்ச பழைய பாடி பத்து, ஒழுகுதுன்னு ஒதுக்கி வெச்சது அஞ்சு, பாக்கற கண்ணு சரியான்னு தெரியறதுக்கு அதையும் கலந்து விட்டேன். எது எதுன்னு எழுதின நோட்ட அம்மாகிட்டக் குடுத்துப்போட்டு, "அண்ணா, நீங்க பாருங்க, நான் ஷெட்டு பக்கமே வாரதில்ல"ன்னு சொல்லிப்போட்டேன். "எது போகோணும் எது நிக்கோணும்னு எனக்குத் தெரியாதே அம்மணி"ன்னாரு. "தெரியக் கூடாதுங்கண்ணா, அதுக்குத்தான்"ன்னேன்.

அறுவதுல பதினொண்ணு ஒழுகுச்சு. நான் தொடச்ச மூணும் அதுல இருந்துச்சு. பதினொண்ணையும் ஒடச்சு உலையில போட்டுட்டேன்.

நம்மளுக்கு ஒண்ணு வேணும்னு இருந்தா நம்ம கண்ணு நம்ம பக்கம் பேசும்ங்க. கண்ணக் குத்தம் சொல்ல முடியாது. உங்க துளியிலயும் வேற யாராச்சும் நம்பர் போடட்டும். எந்த நம்பர் எதுன்னு உங்களுக்குத் தெரியாம அளந்து பாருங்க. எது வருதோ வரட்டும்.

பொய்யா இருக்கோணும்னு நானும் ஆசப்படறேன். அதனாலதான் சொல்றேன்.

ராசாத்தாள்


ஷெஃபீல்டு
3 ஜூலை 1994

அன்புள்ள ராசாத்தா,

உன் கடிதம் வந்த மறுநாள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைத் துடைத்ததையும் மறைக்கவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். கட்டுரையை மேசை டிராயரில் வைத்து மூடினார். "எத்தனை வாரம் வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

கரைசலை வெள்ளைப் பொடி பூசிய ஒரு கண்ணாடித் தகட்டில் ஊறவிட்டால் சின்ன மூலக்கூறுகள் தூரம் ஏறிப் போகும். பெரியவை போட்ட இடத்திலேயே நிற்கும். அப்படி நான்கு பங்காகப் பிரித்து, பங்குக்கு நான்காகப் பதினாறு குப்பிகளில் வைத்தோம். கூட வேலை செய்கிற மார்கரெட் என்ற பெண் நான் இல்லாதபோது குப்பிகளைக் கலைத்துவிட்டு வெறும் எண்களை ஒட்டினாள். பட்டியலைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். லேசரின் பலத்தையும் முடிந்தவரை குறைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் வைத்தோம். ஒட்டிக்கொள்வது லேசரின் வேலை என்றால் பதினாறும் ஒரே மாதிரிதான் ஏமாற்ற வேண்டும்.

ஐந்து வாரம் அளந்தேன். ஒவ்வொரு குப்பியையும் மூன்று முறை. எது உன்னிடம் என்னைக் கொண்டுவரும் என்று தெரியாததால் வந்த அளவை அப்படியே எழுதிக்கொண்டேன். வந்ததிலிருந்து நிம்மதியாக வேலை செய்தது அந்த ஐந்து வாரம்தான்.

வியாழக்கிழமை பட்டியலைத் திறந்தோம். மார்கரெட் எண்ணைப் படிக்க, நான் அளவைப் படித்தேன். தூரம் ஏறிய பங்கில் பெரியது எதுவுமே இல்லை. நகராமல் நின்ற பங்கு நான்கு குப்பியிலும் கனமாகவே வந்தது. ஒரு லட்சம் இல்லை. அது லேசர் கட்டிய கதைதான். ஆனால் பல ஆயிரம் எடையில் உண்மையாகவே இருக்கிறது. யாரும் அளந்ததைவிடப் பல மடங்கு பெரியது.

"குப்பியில் பெயரை மறைக்கிற யோசனை யாருடையது?" என்று பேராசிரியர் கேட்டார். என் மனைவி, கோயமுத்தூரில் பவுண்டரி நடத்துகிறாள் என்றேன். "அவர் பெயரை எப்படி எழுத வேண்டும்?" என்று கேட்டு, கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் தன் கையால் எழுதிக்கொண்டார்.

எல்லோரும் கை கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், இருட்டுவதற்குள் நடந்தே திரும்பினேன். பொய்யாக இருக்கும் என்று எவ்வளவு நம்பியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

சரியான அளவோடு வேலையை முடிக்க இன்னும் ஒரு வருடம் தருகிறார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். மிச்சத்தை மார்கரெட் பார்த்துக்கொள்வாள். நான் வந்துவிடுகிறேன்.

சென்னகிருஷ்ணன்


கணபதி
18-7-94

மாமா,

வர வேண்டாமுங்க. முடிச்சுப்போட்டு வாங்க.

உங்க லெட்டர எத்தன தடவ படிச்சேன்னு சொன்னாச் சிரிப்பீங்க. "நான் வந்துவிடுகிறேன்"கற எடத்துக்கு வந்ததும் மறுபடி மேல இருந்து படிப்பேன். நீங்க வாசப்படியில வந்து நிக்கறாப்பலயே இருக்கும்.

ஆனா பாதியில உட்டுட்டு வந்தா, அது உங்கள உடாதுங்க. மத்தவங்க பேருல அது அச்சாகி வாரப்ப நீங்க எங்கூட உக்காந்து சோறு திங்கோணும். அப்ப நீங்க சிரிப்பீங்க, பந்தியில சிரிச்சாப்பல. அந்தச் சிரிப்ப இன்னொருக்கா பாக்க எனக்குச் சக்தி இல்ல.

ஒரு வருசந்தான. இதுவரைக்கும் கோவத்துல பிரிஞ்சு கெடந்தோம். இனி அப்படி இல்ல. அதுவே பாதி கனம் கொறஞ்சாப்பலதான்.

நல்லபடியா எழுதிப்போட்டேன்னு நெனச்சுக்காதீங்க. இத எழுதறதுக்கு முன்னால கெணத்தடியில போயி ஒரு பாடு அழுதுட்டுத்தான் வந்து உக்காந்தேன். இதையும் மறைக்கல.

ராசாத்தாள்


ஷெஃபீல்டு
7 ஆகஸ்ட் 1994

அன்புள்ள ராசாத்தா,

சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் செப்டம்பர் இருபத்தெட்டுக்கு விமானம்.

இங்கே கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. அந்த நேரத்துக்கு நீ தூங்கி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். கூடத்தில் நீ ஒருக்களித்துப் படுத்திருப்பதைப் பார்ப்பது போலவே இருக்கிறது. கட்டிலில் படு. அது என்னுடையது என்று எழுதியிருந்தாய். நான் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் நீ எழுதியதைப் படித்தபோது பிடித்திருந்தது.

சென்னகிருஷ்ணன்


சவுரிபாளையம், கோயமுத்தூர்
5-2-95

மாமா,

மொதல்ல மேல இருக்கற ஊரப் பாத்தீங்களா? எழுத்துப் பிழையில்லீங்க.

இங்க ரெண்டு ரூமு, ஒரு அடுப்படி இருக்குற ஊடு ஒண்ண வாடகைக்குப் புடிச்சிருக்கறேன். அப்பாவோட ஊடும் இல்ல, தாராபுரத்து ஊடும் இல்ல. பவுண்டரிக்கு மொபெட்டுல இருவது நிமிசம், உங்க காலேசுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அம்மாகிட்டயும் சொல்லிப்போட்டேன். மூணாம் நாள், "அந்தத் தம்பிகிட்ட நானாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கோணும்"ன்னாங்க. சின்னம்மா மக அம்மாவுக்குத் தொணைக்கு வந்துட்டா. நம்மளும் பக்கந்தான.

ஊட்டுக்காரம்மா பேரு முத்தாத்தாள். "ஊட்டுக்காரரு என்ன பண்றாரு?"ன்னாங்க. கரிய பத்தி ஆராச்சி பண்றாருன்னேன். "கரிக்கடையா? நல்ல ஏவாரம்"ன்னாங்க. நான் திருத்தல. வந்து நீங்களே சொல்லிக்குங்க.

கட்டுரை வந்துச்சுங்க. எனக்கு ஒண்ணும் புரியல, உங்க பேரு மொதல்ல இருக்கறது புரிஞ்சுது. கடைசியில எம்பேருக்கு மேல ஜபருல்லா அண்ணன் வெரல வெச்சு, ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சாரு. ஆளுங்களையெல்லாம் கூப்புட்டுக் காட்டினாரு.

குத்துவெளக்கு, பாத்தரம், பீரோன்னு அம்மா எல்லாத்தையும் தாரேன்னாங்க. ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். ஒரு சொம்புகூட வெக்கலீங்க. நீங்க வந்தப்பறம் ரெண்டு பேரும் கடவீதிக்குப் போயிச் சேந்து வாங்கிக்கலாம். அதுவரைக்கும் நான் அம்மாகூடத்தான் இருக்கறேன்.

ஞாயித்துக்கெழமையானா இங்க வந்து கூட்டித் தொடச்சுப்போட்டு, சித்த நேரம் வெறுந்தரையில படுத்துட்டுப் போறேன். ஜன்னலப் பாத்துத் தல வெச்சா காத்து வருது, செவுத்தப் பாத்து வெச்சா வெயிலு அடிக்கறதில்ல. நம்ம ரெண்டு பேருக்கும் எது தோதுன்னு எனக்குத் தெரியல. வந்து படுத்துப் பாத்துச் சொல்லுங்க.

ராசாத்தாள்